சாத்துப்படியும் சவரக்கத்தியும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைக்க வந்த பேராசிரியர், "தலைப்பு என்ன போட்டுக்கொள்ளட்டும் அம்மா?" என்று கேட்டார். உடையும் தோற்றமும் என்றேன். சற்று யோசித்தார். கல்வெட்டும் சித்தாந்தமும் பேசப்பட்ட மேடை இது. அவர் யோசித்ததில் தவறில்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். சொல்லாமல் விட்டது எது என்று இப்போது எண்ணிப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். போர்களைச் சொன்னேன், வரிகளைச் சொன்னேன். ஒரு மனிதர் காலையில் எழுந்து எதை உடுத்தினார், யார் துவைத்ததை உடுத்தினார், தன் தலையை யாரிடம் கொடுத்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

திருவரங்கம் கோயிலுக்குள் வேணுகோபாலன் சன்னிதியின் வெளிச்சுவரைப் பார்த்திருப்பீர்கள். கிளியோடு நிற்கும் பெண், வீணை மீட்டும் பெண், கையில் கண்ணாடியைப் பிடித்துத் தன் ஒப்பனையைச் சரிபார்க்கும் பெண் என்று வரிசையாக நிற்கிறார்கள். சிறு வயதில் அந்தக் கண்ணாடிக்காரியை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். வளர்ந்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அந்தக் கொண்டையை யார் போட்டுவிட்டது? இடுப்பில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் ஆடையை யார் நெய்தது, யார் வெளுத்தது? சிற்பி அவள் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். அதில் அவள் முகம் மட்டும்தான் தெரியும்.

ஆனால் அதே கோயிலுக்கு இந்தக் கேள்வியின் விடை தெரிந்திருந்தது. பெருமாளுக்குச் செய்யும் அலங்காரத்தைச் சாத்துப்படி என்கிறோம். அதில் எந்தக் கை எதைச் செய்ய வேண்டும் என்று கோயிலுக்குக் கணக்கு உண்டு. எந்தப் பணியாளர் கொத்துக்கு எந்தக் கைங்கர்யம் என்று கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு பேசுகிறது. பெருமாளின் துணியைத் திருப்பரிவட்டம் என்பார்கள். அதை வெளுத்துத் தருபவருக்கு ஈரங்கொல்லி என்று ஒரு தனிப்பெயரே உண்டு. இராமானுசர் காலத்துக் கதை ஒன்றை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். வைணவ உரைகளிலும் வருகிற கதைதான். கோயில் சலவைத் தொழிலாளி ஒருவர் திருப்பரிவட்டத்தை மிக அழகாக வெளுத்து உலர்த்தி இராமானுசரிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் மகிழ்ந்துபோய், அந்த மனிதரைக் கையோடு அழைத்துக்கொண்டு அரங்கன் முன் நிறுத்தி, இதைப் பார்த்தருள வேண்டும் என்றார். கண்ணனாக இருந்த காலத்தில் மதுராபுரியில் தனக்குத் துணி தர மறுத்த சலவைக்காரர்மேல் இருந்த குற்றத்தை, இவர் வெளுத்த அழகுக்காகப் பொறுத்தோம் என்று அரங்கன் சொன்னானாம்.

இந்தக் கதையைப் பக்திக் கதையாகவே கேட்டு வளர்ந்தேன். இன்று அதில் எனக்கு வேறொன்று தெரிகிறது. உடையைப் பற்றிப் பேசவந்த கதை, உடுத்தியவரை விட்டுவிட்டு வெளுத்தவரின் கையைப் பிடித்துக்கொண்டு சன்னிதிக்குள் போகிறது. அந்தக் கதையின் வழியேதான் நானும் இன்று போக விரும்புகிறேன். நம் ஊரில் உடையும் தோற்றமும் எப்படி மாறின என்று கேட்டால், மேல்நாட்டு மோகம் என்பார்கள், சினிமா என்பார்கள், காலம் கெட்டது என்பார்கள். நான் பார்த்தவரையில் காரணம் வேறு. நம் தோற்றத்தை நமக்குச் செய்து கொடுத்த கைகள் வேறு வேலைக்குப் போயின. போன இடத்தில் அவை நன்றாக இருந்தன. நாம் மாறினோம்.

திருவரங்கம் கீழ உத்தர வீதியில் எங்கள் வீடு. வாரத்துக்கு ஒருமுறை சலவைத் தொழிலாளி வருவார். அழுக்கு மூட்டையைக் கொல்லைப்புறத்தில் எண்ணிப் போடுவோம். ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு, சேங்கொட்டைப் பாலில் போட்ட குறி. எங்கள் வீட்டுக்கு இரண்டு புள்ளியும் ஒரு கோடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. எழுத்துப் படிக்காத அவர் அந்தத் தெருவின் அத்தனை வீட்டையும் குறியால் வாசிப்பார். மூட்டை கொள்ளிடத்துக்குப் போகும். உவர்மண் கரைசலில் ஊறி, பெரிய பானைகள்மேல் அடுக்கி இரவெல்லாம் ஆவியில் வெந்து, காலையில் கல்லில் அடிபட்டு, மணலில் விரிந்து காயும். வெள்ளாவி வைத்த வேட்டிக்கு ஒரு வாசனை உண்டு. வெந்த பருத்தியும் சுடுமணலும் சேர்ந்த வாசனை. அதை நுகர்ந்தவர்கள் இந்த அவையில் சிலராவது இருப்பீர்கள்.

அப்படி வெளுத்து வந்ததைத் தாத்தா மறுபடி கிணற்று நீரில் நனைத்துத்தான் உடுத்துவார். சலவைத் தொழிலாளியின் கை பட்டது மடி ஆகாது. பெருமாளின் திருப்பரிவட்டம் வெளுத்த கை சன்னிதி வரை போன கதையைச் சொன்ன அதே வாய், தன் வேட்டியைத் தொட்ட கையைத் தீட்டு என்று சொன்னது. நாங்கள் குழந்தைகள்கூட அவரை, அப்பா வயதுக்காரரை, "வா, போ" என்றுதான் பேசினோம். அதை இந்த மேடையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஒருவர் ரயில்வேயில் சேர்ந்தார். ஒரு கட்டத்தில் மூட்டை எடுக்க யாரும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவுக்கு டெரிலின் வந்தது, பின்னால் டெரிகாட்டன் வந்தது. கஞ்சி வேண்டாம், வெள்ளாவி வேண்டாம். இரவு அலசிக் கொடியில் போட்டால் காலையில் மாட்டிக்கொண்டு போகலாம். திருச்சி வெயிலுக்கு அதைப்போலப் பொருந்தாத துணி இல்லை, உடம்பெல்லாம் வேர்க்குரு வரும். இருந்தும் அலுவலகம் போகிற ஆண்கள் அத்தனை பேரும் அதற்கு மாறினார்கள். மோகம் என்று சொன்னார்கள். மோகமும் இருந்திருக்கலாம். அதைவிடப் பெரிய உண்மை, வேட்டியை வெளுக்க ஆளில்லை என்பது. கை படாமல் வெண்மை வராது என்பதை அந்தப் பத்தாண்டில்தான் எங்கள் தெரு கற்றுக்கொண்டது.

இனி சவரக்கத்திக்கு வருகிறேன். இதைப் பேசுவதற்காகத்தான் இன்று இங்கே வந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவின் அத்தை இருந்தாள். எங்களுக்கு அத்தைப்பாட்டி. பன்னிரண்டு வயதில் கணவனை இழந்தவள். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929-ல்தான் வந்தது. அவள் கதை அதற்கு வெகு முன்பே முடிந்துபோயிற்று. பழுப்பேறிய நார்மடிப் புடவையைத் தலைவரைக்கும் இழுத்து மூடியிருப்பாள். மாதத்துக்கு ஒருமுறை, ஏகாதசியும் செவ்வாய் வெள்ளியும் இல்லாத நாளாகப் பார்த்து, விடிவதற்கு முன் நாவிதர் வருவார். கொல்லைக் கதவு வழியாகத்தான் வருவார். கிணற்றடியில் துவைகல்லுக்குப் பக்கத்தில் அத்தைப்பாட்டி உட்காருவாள். அவர் ஒரு கிண்ணியில் தண்ணீர் எடுத்து அவள் தலையை நனைப்பார். கத்தியை உள்ளங்கையில் இரண்டு முறை தீட்டுவார். "கொஞ்சம் குனிங்கம்மா" என்பார். அவ்வளவுதான் பேச்சு. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். கத்தி போகும் சத்தம் கேட்கும், காய்ந்த இலையை விரலால் தேய்ப்பது போல. முடிந்ததும் அவர் கூலியான அரிசியைத் துண்டில் முடிந்துகொண்டு வந்த வழியே போவார். அத்தைப்பாட்டி அந்த இருட்டிலேயே தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். அவரைத் தொட்ட தீட்டு போக வேண்டும். எழுந்ததும் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது என்று எங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். அந்தக் கிணற்றடியில் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள், இருவரையும் அந்த வீடு வாசல் பக்கம் வரக் கூடாது என்று வைத்திருந்தது.

அந்த நாவிதரின் மனைவிதான் எங்கள் தெருவுக்கு மருத்துவச்சி. நான் பிறந்தது அந்த அம்மாளின் கையில். அன்றைக்கும் அவர் வந்தது கொல்லைக் கதவு வழியாகத்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் தென்கலை வீடு. எங்களுடையது வடகலை. அந்த வீட்டிலும் ஒரு கைம்பெண் இருந்தார், அத்தைப்பாட்டியைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். அவருக்கு முடி இருந்தது. வெள்ளை வெளேரென்று சின்னக் கொண்டை. தென்கலையார் கைம்பெண்ணின் தலையைச் சிரைப்பதை ஏற்பதில்லை; வடகலையாரும் ஸ்மார்த்தர்களும் அதைச் சாத்திரம் என்று வைத்திருந்தார்கள். ஒரே பெருமாள், ஒரே கோபுரம், ஒரே காவிரித் தண்ணீர். வீட்டு ஆண்கள் நெற்றியில் இடும் நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்பதில் ஒரு பெண்ணின் தலைமுடி தீர்மானமாயிற்று. எது காலங்காலமான வழக்கம் என்று யாராவது என்னிடம் அடித்துப் பேசினால் எனக்கு அந்த மதில்சுவர்தான் நினைவுக்கு வரும். அது ஐந்தடி உயரம்கூட இல்லை.

ஆண்களின் தலை வேறு வழியில் மாறியது. தாத்தாவுக்கு முன்பக்கம் மழித்த குடுமி. அப்பாவுக்குக் கிராப்பு, ஆனால் உச்சிக்குப் பின்னால் மயிரோடு மயிராக ஒரு சின்னச் சிண்டு ஒளிந்திருக்கும். திவச நாளில் மட்டும் அதை எடுத்து முடிந்துகொள்வார். நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பணிமனை பொன்மலைக்கு வந்தது 1920-களின் கடைசியில். அங்கே வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்: சுழலும் தண்டுக்கும் தோல்பட்டைக்கும் பக்கத்தில் தொங்குகிற எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அங்கவஸ்திரம் போயிற்று, வேட்டி நுனி போயிற்று, குடுமி போயிற்று. சீர்திருத்தப் பேச்சு கேட்டுக் குடுமியை எடுத்தவர்களும் இந்த ஊரில் உண்டு. எண்ணிக்கையில் அதிகம் பேரின் குடுமியை எடுத்தது உயிர் பயமும் சம்பளமும்தான் என்று நினைக்கிறேன்.

கிராப்பு வந்ததும் சலூன் வந்தது. சலூனின் பெருமையை நம் வரலாற்றுப் புத்தகங்கள் இன்னும் சரியாக எழுதவில்லை. அதற்கு முன் நாவிதர் தரையில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தார், அல்லது கொல்லைப்புறம் தேடி வந்தார். சலூனில் அவர் நிமிர்ந்து நின்றார். நாற்காலி அவருடையது, கண்ணாடி அவருடையது, நேரம் அவருடையது. மிராசுதாரும் தன் முறை வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்றால் விடுமுறைதான். எதிரும் புதிருமாக மாட்டிய இரண்டு கண்ணாடிகளில் உங்கள் பிடரியை நீங்களே முதன்முறையாகப் பார்த்தீர்கள். திராவிட இயக்கத்தின் பத்திரிகைகளைப் படிக்கத் தெரிந்தவர் படிக்க மற்றவர் கேட்ட இடங்களில் சலூனுக்கு முக்கியமான பங்கு உண்டு. இந்த ஊரில் புத்தூர் பெரியார் மாளிகையில் தங்கிப் பேசிய பெரியார், பெண்களும் முடியைக் கத்தரித்துக்கொள்ளட்டும், ஆண்களைப் போல எளிய உடை உடுத்தட்டும் என்றார். அலங்காரம் பெண்ணின் நேரத்தைத் தின்கிறது என்பது அவர் வருத்தம். பெண்கள் உடனே கேட்கவில்லை. ஆண்கள் கேட்டார்களா என்றால், தங்கள் தலைவரைக்கும் கேட்டார்கள்.

1986-ல் சென்னையில் எய்ட்ஸ் கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சலூன்களில் ஒரு மாற்றம் வந்தது, சத்தமில்லாமல். தலைமுறை தலைமுறையாகத் தோல்வாரில் தீட்டிய கத்தி அலமாரிக்குள் போயிற்று. பிளேடை இரண்டாக ஒடித்து, உங்கள் கண் முன்னால் உறையைப் பிரித்து, ஆளுக்குப் புதிது போடுகிற வழக்கம் வந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் உயிருக்குப் பயந்து அதைக் கேட்டார்கள். நாளுக்கு முப்பது முகத்தைத் தொடுகிறவருக்கும் உயிர் உண்டு என்பதை எத்தனை பேர் எண்ணினோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் சில கிராமங்களில் பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுக்கிறார்கள் என்ற செய்தி இந்த நூற்றாண்டிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. சொந்த ஊரில் சலூன் இருந்தும் பஸ் ஏறி டவுனுக்கு வந்து முடி வெட்டிக்கொண்டு போகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தில்லைநகரில் ஆணுக்கும் பெண்ணுக்குமாகக் குளிரூட்டிய அழகு நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. தலைமுடிக்கு விதவிதமான வண்ணம் பூசுகிறார்கள். அதே நாளில் ஒரு பையன் ஒரு சாதாரண கிராப்புக்காக இருபது கிலோமீட்டர் வருகிறான். தலைமுறை மாறிவிட்டது என்று பேசும்போது அந்தப் பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துணிக்குத் திரும்புவோம். காவிரியின் தென்கரையில் உறையூர். கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய கடல்வழிக் குறிப்பில் அர்காரு என்ற ஊரின் மெல்லிய துணி வருகிறது. அதை உறையூர் என்றே அறிஞர்கள் பெரும்பாலும் கொள்கிறார்கள். 1960-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது சாயத்தொட்டி கிடைத்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலனைப் பார்க்க வருகிற பொருநனின் உடை எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? பேனும் ஈரும் குடியிருக்கும் கந்தல், வியர்வை ஊறியது, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்டது. அரசன் அதை நீக்கிவிட்டு இழை ஓடிய தடம் தெரியாத மெல்லிய ஆடையைக் கொடுக்கிறான். சங்கப் புலவர் கந்தலையும் பட்டையும் ஒரே அக்கறையோடு பார்த்தார். பேனைச் சொல்ல அவர் கூசவில்லை.

இன்றும் உறையூரில் தறிச்சத்தம் முற்றிலும் நிற்கவில்லை. பருத்திப் புடவை நெய்கிறார்கள், நெய்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது. மடிசாருக்கு ஒன்பது கஜம் கேட்டால் சொல்லி வைக்க வேண்டும். மடிசார் ஏன் போயிற்று என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள் தறிக்காரர் வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

இதே ஊரில் துணியை ஒரு விரதமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். காந்தி 1921 செப்டம்பரில் திருச்சிக்கு வந்து பேசினார். சில நாள்கள் கழித்து, அம்மாதம் 22-ஆம் தேதி மதுரையில், மேல்சட்டையையும் தொப்பியையும் விட்டு அரையாடைக்கு மாறினார். கதர் வாங்க வழியில்லாத ஏழை என்ன உடுத்துவான் என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. திருவரங்கத்தில் வாழ்ந்த எழுத்தாளர் குமுதினி கதர் உடுத்தியவர். திருச்சி சேவா சங்கத்தைத் தோற்றுவித்தவர். ஆசாரமான குடும்பத்து மருமகள், பட்டு சரசரக்கும் தெருவில் முரட்டுக் கதரோடு நடந்தார். இன்று அது எளிமை என்று தோன்றும். அன்று கல்யாண வீட்டுப் பந்தலில் அந்தப் புடவையோடு உட்கார்ந்திருக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எங்கள் அம்மா சொல்லுவாள்.

இப்போது நைட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். காலை ஐந்தரை மணிக்கு எந்த உத்தர வீதியிலும் சித்திர வீதியிலும் போய்ப் பாருங்கள். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற பெண்களில் பாதிப் பேர் நைட்டியில் இருப்பார்கள். தோளில் ஒரு துண்டோ பழைய துப்பட்டாவோ கிடக்கும். ஆவின் பால் வாங்கவும் காய்கறி வண்டிக்காரரிடம் பேரம் பேசவும் அந்தத் துண்டு போதும். புரட்டாசியில் கோலம் போட வந்த ஒரு பெண்ணை நான் அருகிருந்து பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். இடது கையால் நைட்டியைச் சுருட்டி முழங்காலுக்கு நடுவில் செருகிக்கொண்டாள். வலது கை இழை இழுத்தது. உள்ளே குக்கர் விசில் வந்தது, எண்ணினாள். மூன்றாவது விசிலுக்குக் கோலம் முடிந்தது. தோள் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். எட்டே முக்காலுக்கு அவளே புடவை மடிப்பில் ஊக்குக் குத்திக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றாள். அவளுக்குத் துவைக்க ஆள் கிடையாது, அரைக்க ஆள் கிடையாது, பிள்ளையைத் தூக்க மாமியார் கிடையாது. ஒரு காலத்தில் ஐந்தாறு கைகள் பகிர்ந்துகொண்ட வேலையை அவள் இரண்டு கையால் செய்கிறாள். நைட்டி அந்த இரண்டு கைக்குக் கிடைத்த உடை. அதைப் பண்பாட்டுச் சீரழிவு என்று எழுதுகிறவர்கள் நனைந்த ஆறு கஜத்தை ஒருநாளாவது தனியாகப் பிழிந்து பார்த்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

சீயக்காயும் அப்படித்தான். வெயிலில் காயவைத்து, வெந்தயமும் பூலாங்கிழங்கும் சேர்த்து, மெஷினில் கொடுத்து அரைத்து, எண்ணெய் தேய்த்த தலையில் இன்னொருவர் உட்கார்ந்து தேய்த்துவிட்ட காலம் அது. கடலூர்க்காரரான சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்ன உறையில் அடைத்து விற்க வழி கண்டார். அவர் மகன் 1983-ல் சிக் ஷாம்பூவோடு வந்தார். பாட்டில் வாங்க முடியாத வீட்டுப் பெண்ணும் ஓர் உறையைப் பல்லால் கிழித்துத் தானே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். யார் தயவும் வேண்டாம்.

நானும் உடைக்காக ஒருமுறை விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். மொபெட்டில் வந்துகொண்டிருந்தேன், ஒருநாள் புடவைத் தலைப்பு பின்சக்கரத்தில் சுற்றிக் கீழே விழுந்தேன். மறுவாரம் சுடிதாரில் வந்தேன். பதினோரு மணிக்கு மெமோ வந்தது. முழங்காலில் கட்டோடு நின்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அதே வகுப்பில் என் மாணவிகள் தாவணியை விட்டுச் சுடிதாருக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். மாணவிக்குச் சரியானது ஆசிரியைக்கு ஒழுங்கீனம். நான் அதன்பின் மொபெட்டை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தேன். அந்த முடிவுக்காக இன்றும் வருந்துகிறேன்.

அந்த மெமோ நினைவில் இருந்ததால்தான் கோயில் உடை பற்றி 2015-ல் வந்த தீர்ப்பை நான் வரி விடாமல் படித்தேன். நம் திருச்சி மாவட்டத்தில் அக்கியம்பட்டி கிராமத்துக் கோயில் விழாவில் கலை நிகழ்ச்சி நடத்தக் காவல் துறை அனுமதி வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு வழக்கு போயிற்று. அந்த வழக்கிலிருந்து, தமிழகக் கோயில்களுக்குள் வருகிறவர்கள் எதை உடுத்த வேண்டும் என்ற உத்தரவு பிறந்தது. நவம்பர் மாதம் நீதிபதி எஸ். வைத்தியநாதன் பிறப்பித்தார், 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமாவோடு மேல்துணி, அல்லது பேன்ட் சட்டை. பெண்களுக்குப் புடவை, தாவணி, அல்லது மேல்துணியோடு சுடிதார். கோயில் வாசல்களில் பலகைகள் முளைத்தன. ஜீன்ஸும் லெக்கிங்ஸும் கூடாது என்றும், சில இடங்களில் லுங்கி கூடாது என்றும். ஜனவரியிலேயே இரண்டு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை கொடுத்தது.

உத்தரவின் நோக்கத்தை நான் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பட்டியலைப் பாருங்கள் என்கிறேன். மரபு உடை என்று அதில் பேன்ட் இருக்கிறது. என் தாத்தா அதோடு கோயிலுக்குள் போகிறவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சுடிதார் இருக்கிறது, எனக்கு மெமோ வாங்கித் தந்த சுடிதார். நாம் எதற்குப் பழகிவிட்டோமோ அதுவே அந்தப் பட்டியலில் மரபாக எழுதப்பட்டிருக்கிறது. கூடாது என்று சொன்ன லுங்கியோ நம் அரங்கனுக்கு அந்நியமில்லை. தில்லியிலிருந்து அவனைத் தேடி வந்ததாகச் சொல்லப்படும் சுல்தான் மகளை நாம் துலுக்க நாச்சியார் என்று கோயிலுக்குள் வைத்திருக்கிறோம். அவளுக்காக அரங்கனுக்குக் கைலி சாத்துகிற வழக்கமும் ரொட்டி அமுது செய்விக்கிற வழக்கமும் இருக்கின்றன. அவள் ஊர் உடையை அவன் உடுத்திக்கொண்டான். விருந்தாளி எதை உடுத்தி வந்தாள் என்று கேட்கவில்லை.

அந்த உத்தரவுக்கு ஓர் ஆண்டு முன்னால்தான், 2014 ஜூலையில், சென்னையில் ஒரு கிரிக்கெட் மன்றத்தில் நடந்த விழாவுக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதியையே வாசலில் நிறுத்தினார்கள். ஆகஸ்டில் சட்டமன்றம் சட்டம் இயற்றியது: வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் அபராதம். அப்போதைய முதலமைச்சர் நம் திருவரங்கம் தொகுதியின் உறுப்பினர். அந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்றேன். எதை உடுத்து என்று அது சொல்லவில்லை. உடுத்தி வந்தவரைத் தடுக்காதே என்று வாசற்காரரிடம் சொன்னது. சட்டத்துக்கு உடையில் அவ்வளவு வேலைதான் உண்டு என்பது என் துணிபு.

சமயபுரத்தில் முடிகாணிக்கை செலுத்துகிற பெண்களைப் போன மாதம்கூடப் பார்த்துக்கொண்டு நின்றேன். 2021 முதல் அறநிலையத் துறைக் கோயில்களில் அதற்குக் கட்டணம் இல்லை. இடுப்பளவு முடி உள்ள ஒரு பெண் உட்கார்ந்தாள். மழித்த தலையோடு எழுந்து, சந்தனம் பூசிக்கொண்டு, கணவனிடம் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள். அதே கத்தி, அதே தலை. அவளாகப் போய் உட்கார்ந்தாள் என்பது ஒன்றுதான் வித்தியாசம். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

அத்தைப்பாட்டியின் கதையை முடிக்க வேண்டும்.

திருவெறும்பூரில் பெல் நிறுவனம் வந்தது 1965-ல். எங்கள் நாவிதரின் மகன் ஐ.டி.ஐ. படித்திருந்தார், அங்கே பிட்டராகச் சேர்ந்தார். இரண்டு வருடம் கழித்து அப்பாவை, "போதும், இனிமேல் கொல்லைக் கதவு தட்ட வேண்டாம்" என்று சொல்லிக் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது பெரியவர் சொல்லிக்கொள்ள வந்தார், அப்போதும் கொல்லைப் பக்கமாகத்தான். அந்த மாதம் வேறு யாரும் வரவில்லை. அப்போது முடிவுறாமல் நின்ற மொட்டைக் கோபுரத்துக்கு அந்தப் பக்கம் சலூன் இருந்தது. வீட்டுக்கு வந்து செய்ய அவர்கள் மறுத்துவிட்டார்கள். சலூனுக்கு ஒரு பெண் போவது அன்றைக்கு நினைத்தும் பார்க்க முடியாதது. இரண்டு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. தாத்தா அப்போது இல்லை. அப்பா கண்டும் காணாமல் இருந்தார். எந்தச் சீர்திருத்தவாதியும் எங்கள் வாசலுக்கு வரவில்லை, எந்தச் சட்டமும் வரவில்லை. ஒரு நாவிதரின் மகனுக்கு வேலை கிடைத்தது, அத்தைப்பாட்டிக்கு முடி வளர்ந்தது.

அவளுக்கு அப்போது அறுபத்தெட்டு அறுபத்தொன்பது வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "தேங்காய் எண்ணெய் கொஞ்சம் எடுத்துண்டு வாடி" என்றாள். கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முக்காட்டை எடுத்தாள். வெள்ளையாக ஒரு விரற்கடை முடி, பூனைக்குட்டியின் ரோமம் மாதிரி. கிண்ணத்தைக் கவிழ்த்து உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றிக்கொண்டாள், இடுப்பளவு பின்னலுக்கு வேண்டிய அளவு. அதை அப்படியே உச்சியில் வைத்தாள். எண்ணெய் நெற்றியில் வழிந்து, கண்ணில் இறங்கி, கழுத்துவழியாக நார்மடியை நனைத்தது. அவள் கைக்குப் பன்னிரண்டு வயது முடியின் கணக்குதான் தெரிந்திருந்தது.